நெளிந்த சில்லும் நிமிர்த்திய கையும்: ஊவாப் பெருந்தோட்டப் பகுதியிற் சில்லுப் பழுதுபார்த்தலின் வரலாறு

முன்னுரை

இலங்கையின் பெருந்தோட்டத்துறை பற்றிய வரலாற்றாய்வுகள் நிலம், மூலதனம், கூலியுழைப்பு என்பவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளன. போக்குவரத்துப் பற்றியும் ஆய்வுகள் உள. ஆயின் அவை பெரும்பாலும் தெருக்கள் திறக்கப்பட்ட ஆண்டுகளையும் புகையிரதப் பாதைகளின் நீளத்தையும் கூறுவதோடு அமைந்துவிடுகின்றன. அத்தெருக்களில் உருண்ட சில்லு உடைந்தபோதும் நெளிந்தபோதும் அதனைச் செப்பனிட்டவர் யார், அவருக்கு அவ்வறிவு எவ்வாறு கிட்டியது, அதற்குச் சமூகம் அளித்த மதிப்பு யாது என்னும் வினாக்கள் பெரிதும் எழுப்பப்பட்டதில்லை. அற்பமான பொருள் எனக் கருதப்பட்டமையே இதற்குக் காரணமாகலாம்.

பதுளை நகரையும், நமுனுகுலை மலைச்சாரலில் அமைந்த ஸ்பிரிங்வெளி முதலிய தோட்டங்களையும் களமாகக் கொண்டு இவ்வினாக்களை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம். எமது கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் பொருந்தும். பெருந்தோட்டப் பொருளாதாரம் மலைநாட்டுக்குச் சில்லைக் கொண்டுவந்தது. சில்லைச் செய்யும் கைத்தொழிலைக் கொண்டுவரவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே விழுந்த பள்ளத்தை நிரப்பியது பழுதுபார்ப்போரின் கைத்திறன். அத்திறன் இப்பகுதி மக்களின் ஆக்கவாற்றலுக்குச் சான்றாவது போலவே, இந்நாட்டின் குறைவிருத்திக்கும் சான்றாகின்றது. இவ்விரு பக்கங்களையும் ஒருங்கே நோக்காது ஒன்றை மட்டும் போற்றுவதோ இகழ்வதோ வரலாற்று நோக்காகாது.

சில்லுக்கு முற்பட்ட காலம்

பிரித்தானியர் தெரு அமைப்பதற்கு முன்னர் ஊவாவின் வாணிகம் பொதிமாட்டுக் கூட்டங்களாலேயே நடைபெற்றது. சிங்களத்தில் இது தவலம எனப்பட்டது. கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஏறின. மலையிலிருந்து பாக்கும் தானியமும் இறங்கின. மாடு செல்லும் ஒற்றையடிப் பாதைக்குச் சில்லு வேண்டுவதில்லை. எனவே சில்லுத் தச்சனுக்கு இம்மலைப்பகுதியில் அதிக வேலையும் இருந்ததில்லை.

1820களில் எட்வேட் பான்ஸ் தேசாதிபதியாக இருந்த காலத்திற் கொழும்பு–கண்டித் தெரு அமைக்கப்பட்டது. அதன்பின் கோப்பிப் பயிர்ச்செய்கை விரிய விரியத் தெருக்களும் விரிந்தன. 1848ஆம் ஆண்டின் தெருக் கட்டளைச்சட்டம், வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் கட்டவேண்டும் என விதித்தது. அவ்வாண்டு மலைநாட்டில் எழுந்த கிளர்ச்சிக்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. சில்லு உருள்வதற்கான தளத்தைச் சமைத்த உழைப்பின் ஒரு பகுதி, சில்லினாற் பயன்பெறாத குடியானவரின் உழைப்பே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஊவாக் கோப்பி சென்ற வழிகளுள் ஒன்று, அப்புத்தளை, அல்துமுல்லை ஊடாக இரத்தினபுரிக்கு இறங்கி, அங்கிருந்து களுகங்கையில் வள்ளம் மூலம் களுத்துறைக்குச் செல்வதாகும். கோப்பிக்கு வண்டிலும் வள்ளமும் வாய்த்தன. அதனைப் பயிரிட வந்த தொழிலாளருக்கோ அவை வாய்க்கவில்லை. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள் காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். ஊவாவுக்கு வரவேண்டியோர் மேலும் பல நாள் நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். தலைமன்னாருக்குப் புகையிரதமும் கப்பற் சேவையும் 1914இல் ஒருங்கிணைந்த பின்னரே இந்நிலை முற்றாக மாறியது. சரக்கு சில்லில் ஏறிச் செல்ல, சரக்கைப் படைத்தவர் கால்நடையாக வந்தமை பெருந்தோட்ட அமைப்பின் இயல்பைத் தெளிவாகக் காட்டுகின்றது.

வண்டிற் சில்லும் பட்டறையும்

வண்டிற் சில்லு எளிய பொருளன்று. நடுவே குடம், அதினின்று புறப்படும் ஆரக்கால்கள், ஆரக்கால்களின் நுனிகளை இணைக்கும் வளைந்த வட்டைகள், அவ்வனைத்தையும் இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டம், அச்சிலிருந்து சில்லு கழன்று விடாது காக்கும் கடையாணி என அது பல உறுப்புகளின் கூட்டு. புறநானூற்றின் எண்பத்தேழாம் பாட்டில் ஔவையார், நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சில்லை அதியமானுக்கு உவமையாக்குகின்றார். சில்லுத் தச்சு எத்துணை நுட்பமான தொழிலாக மதிக்கப்பட்டது என்பதற்கு இதனினும் பழைய தமிழ்ச் சான்று வேண்டியதில்லை. எனினும், சில்லைச் செய்தவன் பாட்டில் இடம்பெற்றான். பழுதைத் திருத்தியவன் இடம்பெறவில்லை. இவ்வேறுபாடு பிற்காலத்திலும் தொடர்ந்தது.

இரும்புப் பட்டம் பூட்டும் முறையைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். ஏனெனிற் பின்னர் வந்த உருக்குச் சில்லின் பழுதுபார்ப்புக்கும் அதுவே அடிப்படையாயிற்று. கொல்லன் மரச்சில்லின் சுற்றளவை ஓர் அளவுருளையால் அல்லது கயிற்றால் அளந்து, அதனிலும் சிறிது குறைந்த சுற்றளவில் இரும்புப் பட்டத்தை வளைத்து ஒட்டுவான். பட்டத்தை வட்டமான நெருப்பிலிட்டுக் காய்ச்சும்போது இரும்பு விரிகின்றது. ஐந்தடி விட்டமுள்ள பட்டத்தின் சுற்றளவு பதினைந்தரை அடிக்கு மேற்பட்டது. ஐந்நூறு பாகை சதமளவு வெப்பமேறும்போது அச்சுற்றளவு ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடும். அந்நிலையிற் பட்டத்தைக் குறடுகளாற் பிடித்து மரச்சில்லின் மீது இறக்கி, மரம் எரிந்துவிடாதவாறு உடனே நீரூற்றுவர். குளிர்ந்து சுருங்கும் இரும்பு வட்டைகளையும் ஆரக்கால்களையும் குடத்தை நோக்கி இறுக்குகின்றது. ஓர் அங்குலத்துக்குள் அடங்கிய இக்கணக்குத் தவறினால், ஒன்றிற் பட்டம் கழன்றுவிடும். அன்றேல் ஆரக்கால் நெரிந்துவிடும். எழுத்தறியாதோர் எனக் கணக்கிடப்பட்ட மனிதர் இக்கணக்கைக் கையிலும் கண்ணிலும் வைத்திருந்தனர்.

ஊவாவின் காலநிலை இத்தொழிலுக்குத் தனித்த தேவையொன்றை உண்டாக்கியது. யூலை முதற் செப்டெம்பர் வரை மலைகளைத் தாண்டி வீசும் உலர்ந்த கச்சான் காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற நறுமணத்தை அளிப்பது. அதே உலர்காற்று வண்டிற் சில்லின் மரத்தை வற்றச் செய்யும். மரம் வற்றப் பட்டம் தளரும். வண்டிலை ஓடையில் நிறுத்திச் சில்லை நனைத்தும், ஆப்பு இறுக்கியும் சிறிது காலம் சமாளிக்கலாம். முடிவில் பட்டத்தை வெட்டிக் குறைத்து மீண்டும் பூட்டுவதே வழி. சிறந்த தேயிலை கிடைக்கும் பருவமே சில்லு மிகுதியாகப் பழுதுறும் பருவமாகவும் அமைந்தது. எனவே கொல்லுலை தோட்டத்துக்கு இன்றியமையாததாயிற்று.

இயந்திரத் தேவைகளைத் தோட்டங்கள் நிறைவேற்றிய முறை வேறு. 1854இற் கண்டியிற் றொடங்கப்பட்ட வோக்கர் நிறுவனம் போன்ற பிரித்தானியப் பொறியியல் நிறுவனங்கள் கோப்பி உரிக்கும் இயந்திரங்களையும், பின்னர் தேயிலை இயந்திரங்களையும் வழங்கின. பழுது பெரிதாயின் அவையே ஆளனுப்பின. பெரிய இயந்திரம் நிறுவனத்தின் பொறுப்பு, சில்லும் மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும் தோட்டத்துக் கொல்லனின் பொறுப்பு என ஒரு பிரிவினை நிலைபெற்றது. முன்னதற்குப் பொறியியல் என்று பெயர். பின்னதற்குச் சில்லறை வேலை என்று பெயர்.

புகையிரதமும் அது கொண்டுவராதவையும்

புகையிரதப் பாதை 1867இற் கண்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1894இற் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளைக்கு அது வந்து சேர்ந்தது 1924இலேயே. இடையில் 1886இல் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது. கோப்பி நோயால் அழிந்து தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு இறங்கும் பாதையிலே தெமோதரையில் இருப்புப்பாதை தன்னைத்தானே சுற்றித் தன் கீழேயே சுரங்கத்துட் செல்கின்றது. மலைநாட்டுப் பாதையின் கடுமையான ஏற்றம் நாற்பத்து நான்குக்கு ஒன்று. கூரிய வளைவுகளின் ஆரை ஐந்து சங்கிலி, அதாவது நூறு மீற்றர் அளவே. இத்தகைய வளைவுகளிற் சில்லின் விளிம்பு தண்டவாளத்தோடு உராய்ந்து தேய்வது தவிர்க்கவியலாதது.

புகையிரதச் சில்லின் புறவளையமும் வண்டிற் பட்டத்தைப் போலவே காய்ச்சி விரிவித்துக் குளிரச் சுருங்கவைத்துப் பூட்டப்பட்டதாகும். தத்துவம் ஒன்றே. ஆயின் ஊவாவின் கொல்லனுக்கும் புகையிரதச் சில்லுக்கும் இடையே தொடர்பெதுவும் ஏற்படவில்லை. தேய்ந்த சில்லு கழற்றப்பட்டுக் கொழும்புக்கு அண்மையிலுள்ள வேலைத்தலங்களுக்கு அனுப்பப்பட்டது. பிற்காலத்தில் இரத்மலானை அதன் நிலையமாயிற்று. தேயிலையைப் போலவே தேய்ந்த சில்லும் கீழே இறங்கிற்று. தொழில்நுட்ப அறிவு மேலே ஏறவில்லை.

1982இல் வெளிவந்த, குறைவிருத்தியின் அரசியற் பொருளாதாரம் பற்றிய தமது ஆங்கில நூலில் எஸ். பி. டி. டி சில்வா, பெருந்தோட்டத்தை நவீன முதலாளித்துவத் துறையெனக் கொள்ளும் வழக்கமான கருத்தை மறுத்தார். மலிவான உழைப்பைச் சார்ந்திருந்த தோட்டம் உற்பத்தி நுட்பத்தை வளர்க்கவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். சில்லின் வரலாறு இவ்வாதத்துக்கு அரண்செய்கின்றது. தோட்டத்தினுள்ளே சில்லு சென்ற தூரம் மிகக் குறுகியது. கொழுந்து மடுவம் வரை லொறியோ வண்டிலோ வரும். மடுவத்துக்கு மேலே மலையில் வேலை செய்தது கொழுந்து பறிக்கும் பெண்ணின் முதுகு. அம்முதுகு மலிவாகக் கிடைத்த வரையிற் சில்லை மலைக்குள் மேலும் கொண்டுசெல்ல வேண்டிய நெருக்கடி உரிமையாளருக்கு இருக்கவில்லை.

மரத்திலிருந்து உருக்குக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த மோட்டார் வண்டிகள் பலவற்றின் சில்லுகள் மர ஆரக்கால் கொண்டவை. 1908 முதல் உற்பத்தியான ஃபோட் ‘ரி’ வண்டி இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. இச்சில்லில் ஆரக்கால் முறிந்தால் வண்டிற் சில்லு அறிந்த தச்சன் அதனை மாற்றவியலும். பழைய தொழிலறிவு புதிய வண்டிக்குட் புகுவதற்கு இது ஒரு வாயிலாயிற்று. அடுத்து வந்த கம்பி ஆரச் சில்லுக்குத் துவிச்சக்கரவண்டி திருத்துவோரின் அறிவு பயன்பட்டது. 1920களிலும் 1930களிலும் தகட்டுருக்கை அச்சிலிட்டு அழுத்திச் செய்த வட்டச்சில்லு பரவியபோதுதான் மரத்தச்சனின் பங்கு முடிவுற்றது. கொல்லனின் பங்கு எஞ்சிற்று.

இம்மாற்றம் சொற்களிலும் பதிந்துள்ளது. குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி, சில்லு என்பன தமிழ்ச் சொற்கள். தொழில் வல்லவனைக் குறிக்கும் ‘பாஸ்’ என்னும் சொல் ஒல்லாந்தர் மொழியிலிருந்து சிங்களத்திலும் இந்நாட்டுத் தமிழிலும் நிலைபெற்றது. ரயர், ரியூப், றிம், கராஜ் என்பன ஆங்கிலம் வழி வந்தவை. பதுளைப் பட்டறையொன்றில் ஒரே வாக்கியத்தில் இம்மூன்று படைகளும் கலந்து வருதல் இயல்பு. தமிழும் சிங்களமும் பேசுவோர் அருகருகே நின்று தொழில் பயின்ற இடமாகப் பட்டறை அமைந்தமைக்கு இப்பொதுச் சொற்றொகுதியே சான்றாகும். தோட்டத்தையும் கிராமத்தையும் பிரித்துவைத்த எல்லை, பட்டறையின் வாசலில் அத்துணை இறுக்கமாக இருந்ததில்லை.

நெளிவை நிமிர்த்தும் முறை

உருக்குச் சில்லு இருவகையாகக் கெடும். குழியில் விழும்போது ரயர் அமுங்கி, றிம்மின் விளிம்பு கல்லில் மோதி உள்வாங்குவது ஒன்று. இதனால் வட்டம் வட்டமாக இராது. மதகுக் கட்டிலோ மண்மேட்டிலோ பக்கவாட்டில் இடித்து முழுச்சில்லும் தளம் திரும்புவது மற்றொன்று. இதனால் உருளும்போது சில்லு இடமும் வலமுமாக ஆடும். ஊவாவின் மலைத்தெருக்களில் இரண்டும் நிகழும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மண் சரிந்து கற்கள் தெருவில் உருண்டு கிடப்பதும், கொண்டையூசி வளைவுகளிற் சுமையேற்றிய வண்டியின் பாரம் ஒருபுறச் சில்லின்மீதே சாய்வதும் இதற்குக் காரணங்களாகும். ஆட்டம் ஓரிரு மில்லிமீற்றரைத் தாண்டினாலே கைப்பிடிச் சில்லு நடுங்கத் தொடங்கும். ரயர் ஒருபுறம் தேயும். அச்சின் குண்டுப் போதிகை கெடும்.

பட்டறையிற் செய்யப்படுவது வருமாறு. நெளிந்த சில்லை ஓர் அச்சில் பூட்டிச் சுழற்றுவர். விளிம்பை மட்டுமட்டாகத் தொடும்படி ஒரு முள்ளையோ சுண்ணக்கட்டியையோ அசையாது பிடிப்பர். சுண்ணம் பட்ட இடம் மேடு, படாத இடம் பள்ளம். மேட்டின்மீது மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் அடிப்பர். உள்வாங்கிய விளிம்பை நீண்ட நெம்புகோலாலோ யக்கினாலோ வெளியே தள்ளுவர். மீண்டும் சுழற்றி, மீண்டும் சுண்ணம் பிடித்து, மீண்டும் அடிப்பர். ஓரிடத்தை நிமிர்த்த அடுத்த இடம் விலகுமாதலால், ஒரே அடியில் நேராக்க முனைபவன் சில்லைக் கெடுப்பான். சிறுசிறு அடிகளாற் பிழையை வட்டம் முழுவதும் பகிர்ந்து குறைப்பதே தொழில் இரகசியம். வண்டிற் பட்டத்தை இறுக்கிய கொல்லன் கண்ணால் அளந்த அதே வட்டத்தைத்தான் இவனும் கண்ணால் அளக்கின்றான்.

இம்முறைக்கு எல்லையுண்டு. குளிர்நிலையில் வளைந்த உருக்கு வளைந்த இடத்திற் கடினமாகின்றது. நிமிர்த்தும்போது மேலும் கடினமாகி, அடுத்த முறை அதேயிடத்தில் வெடிப்பு விழலாம். செந்நிறம் வரும்வரை காய்ச்சி நிமிர்த்தினால் உருக்கு இளகும். ஆயின் உருட்டி அழுத்தியபோது அது பெற்ற வலு தளர்வதோடு, ஒட்டுகளும் தறைகளும் நெகிழக்கூடும். விளிம்பிலுள்ள சிறு நெளிவை நிமிர்த்தலாம். ஆணித்துளைகளைச் சுற்றியோ ஒட்டிலோ வெடித்த சில்லை நிமிர்த்தலாகாது. நல்ல பாஸ் எனப்பட்டவர் நிமிர்த்தத் தெரிந்தவர் மட்டுமல்லர். எதனை நிமிர்த்தக்கூடாது எனச் சொல்லத் துணிந்தவருமாவர்.

பழைய லொறிகளின் சில்லு இன்னும் ஆபத்தானது. அவற்றின் றிம் ஒரே துண்டன்று. ரயரை ஏற்றியபின் ஒரு பக்க வளையத்தையும் பூட்டு வளையத்தையும் பொருத்துவர். பூட்டு வளையம் நெளிந்தோ துருவேறியோ சரியாக அமராதிருக்கையிற் காற்றடித்தால், அது வெடித்தெறிந்து முன்னே நிற்பவரைக் கொல்லவல்லது. கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்கவேண்டும் என்பது உலகெங்கும் வற்புறுத்தப்படும் விதி. கூண்டில்லாத பட்டறையில் அந்த இடத்தில் நின்றவன், பெரும்பாலும், தொழில் பழக வந்த சிறுவன்.

கட்டுப்பாட்டுக் காலம்: 1960–1977

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றவே, அரசாங்கம் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. மோட்டார் வண்டிகளும் உதிரிப்பாகங்களும் அரிதாயின. 1977இன் இறுதியிற் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, மொரிஸ், ஒஸ்ரின், பெட்போட் முதலிய பழைய வண்டிகளே மீண்டும் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டு ஓடின. அரசாங்கம் இக்காலத்திற் கைத்தொழிலாக்க முயற்சிகளை மேற்கொண்டது. சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு களனியில் ரயர்த் தொழிற்சாலையும் ஒறுவலையில் உருக்குத் தொழிற்சாலையும் 1967 அளவில் எழுந்தன. 1958 ஜனவரி 1ஆம் திகதி தேசியமயமாக்கப்பட்ட பஸ் சேவைக்கு வெரஹெரவிற் பெரும் வேலைத்தலம் அமைந்தது. டிப்போக்கள் தோறும் சிறு வேலைத்தலங்கள் இருந்தன. இவை முக்கியமான முயற்சிகளே. ஆயின் தோட்டத்து லொறிக்கும் தனியார் வண்டிக்கும் நெளிந்த சில்லை நிமிர்த்தித் தந்தது தெருவோரப் பட்டறைதான். புதிய சில்லு வாங்கவியலாத நிலையிற் பழுதுபார்த்தல் உற்பத்திக்கு ஈடானது. உடைந்த இரு சில்லுகளிலிருந்து ஒரு சில்லை உருவாக்குபவனைப் பழுதுபார்ப்பவன் என்பதா உற்பத்தியாளன் என்பதா?

இக்காலத்தின் பெரும் முரண்பாட்டையும் இங்கே சுட்டவேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையக மக்களுக்கு அரசாங்க சேவையின் கதவு மூடியிருந்தது. 1964 ஒக்டோபரில் ஒப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ஒப்பந்தம் நடைமுறைப்படுத்தப்பட்ட ஆண்டுகளும் இறக்குமதிக் கட்டுப்பாட்டின் ஆண்டுகளும் பெரும்பாலும் ஒன்றே. உதிரிப்பாகம் உள்ளே வராத காலத்தில், உதிரிப்பாகமின்றி வேலை செய்யத் தெரிந்த கைகளும் தலைமன்னார்த் துறைமுகம் வழியே வெளியே அனுப்பப்பட்டன. மக்களைத் தொகையாக மட்டும் எண்ணிய இரு அரசாங்கங்களும் அவர்களிடமிருந்த தொழிலறிவை எண்ணவில்லை.

பேரேட்டில் இடம்பெறாதோர்

பழுதுபார்ப்போர் ஆவணங்களிலிருந்து மறைந்தமைக்கு ஆவணங்களின் அமைப்பே காரணம். ஆண்டுதோறும் வெளிவந்த பேர்கசனின் விவரக்கொத்து தோட்டத்தின் பெயர், உரிமையாளர், துரை, நிலப்பரப்பு என்பவற்றைத் தந்தது. கொல்லனின் பெயர் அதற்குரியதன்று. தோட்டத்துச் செக்றோல் ஒரு நாட்கூலியை ஒரு ‘பேர்’ என்று பதிந்தது. அந்தப் பேருக்குரியவன் அன்று எதைக் கற்றான் என்பதைப் பதியவில்லை. குடிசனமதிப்பு நாட்டை நகரம், கிராமம், தோட்டம் எனப் பிரிக்கின்றது. லயத்தில் பிறந்து பதுளை நகரப் பட்டறையொன்றில் தொழில் பழகியவன் நகரத்தவனாகின்றான். அவன் வந்த வழி அக்கணக்கில் மறைந்துவிடுகின்றது. மலையக மக்களைக் கொழுந்து பறிப்போர் என்னும் ஒரே உருவில் நாம் காண்பதற்கு இவ்வாவண அமைப்பும் ஒரு காரணம்.

தோட்டத்தை விட்டு நகருக்கு வருவதே எளிதாக இருந்ததில்லை. தொழிலாளியின் கடனை அவன் கழுத்தில் மாட்டி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிய துண்டு முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் வேலையும் வீடும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. வேலையை விட்டவன் லயத்து அறையையும் இழக்க நேரலாம். பட்டறை இப்பிணைப்பிலிருந்து விடுபடச் சிலருக்குக் கிடைத்த குறுகிய வழி. அதற்குப் பள்ளிச் சான்றிதழ் வேண்டியதில்லை, முதல் வேண்டியதில்லை, குடியுரிமைப் பத்திரமும் கேட்கப்படவில்லை. வேண்டியது சில ஆண்டுகள் கூலியின்றியோ குறைகூலிக்கோ ஒரு பாஸின் கீழ் உழைக்கும் பொறுமை. இதனை முற்றும் சுரண்டலற்ற உறவெனக் கூறவியலாது. எனினும் அதன் முடிவில் ஒரு தொழில் இருந்தது. செக்றோலின் முடிவில் அது இருக்கவில்லை.

அவ்வாறு நகரில் வேரூன்ற முயன்றோரை இனவன்முறை தாக்கிற்று. 1983 யூலையில் பதுளை நகரில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. நகரில் கால்கொண்ட சிறுதொழிலுக்கு அன்று விழுந்த அடியை, எரிந்த கட்டடங்களின் விலையால் மட்டும் கணக்கிடலாகாது. தொழில் பழக்கும் இடமும், பழகுவோரின் தொடர்ச்சியும் அதனோடு குலைந்தன.

திறந்த பொருளாதாரமும் மீண்டும் வந்த நெருக்கடியும்

1977இன் பின் இறக்குமதி தாராளமாயிற்று. யப்பானில் ஓடிய பழைய வண்டிகள் பெருந்தொகையாக வந்தன. உதிரிப்பாகக் கடைகள் பெருகின. நிமிர்த்துவதிலும் மாற்றுவது எளிதாயிற்று. பின்னர் பரவிய அலுமினியக் கலப்புலோகச் சில்லு பழைய கொல்லறிவுக்கு அடங்காதது. உருக்குக் காயும்போது நிறம் மாறிக் கொல்லனுக்கு அறிவிக்கும். அலுமினியமோ நிறம் காட்டாமலே இளகிவிடும். வெப்பப் பதப்படுத்தலால் அது பெற்ற வலு உலையிட்டால் அழியும். குளிராக அடித்தாற் கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பு விழும். ஊனமான உருக்குச் சில்லு நெளிந்து எச்சரிக்கும். ஊனமான கலப்புலோகச் சில்லு எச்சரிக்காமலே பிளக்கலாம். நீரழுத்தப் பொறியும் அளவுமானியும் கொண்ட புதிய வேலைத்தலங்கள் நகரங்களில் இதனைக் கையாள்கின்றன. அவற்றுக்கு முதல் வேண்டும்.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்தியது. தனியார் வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்திலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள், அறுபதுகளைப் போலவே, நாடு பழைய வண்டிகளைப் பழுதுபார்த்து ஓட்டியது. ஏற்றுமதிக்கெனத் தேயிலையை விளைவித்து, அதைச் சுமக்கும் சில்லை இறக்குமதி செய்யும் அமைப்பு மாறாதவரை இந்நெருக்கடி மீண்டும் வரும். வரும்போதெல்லாம் பட்டறை நினைவுக்கு வரும். நெருக்கடி தணிந்ததும் மறக்கப்படும்.

இங்கே ஆபத்தை யார் சுமக்கின்றார் என்னும் வினா தலையாயது. பலமுறை நிமிர்த்திய சில்லு ஓடுவது செல்வரின் வண்டியிலன்று. பறித்த கொழுந்தோடு தொழிலாளரையும், சில வேளைகளிற் பிள்ளைப்பேற்று வலியோடு பெண்களையும் ஏற்றிச் செல்லும் தோட்டத்து லொறியிலும் உழவு இயந்திரப் பெட்டியிலுமே அது ஓடுகின்றது. சிக்கனம் ஒருவருக்கு, ஆபத்து மற்றொருவருக்கு என்னும் பங்கீடு தொழில்நுட்பத்தின் இயல்பன்று. உற்பத்தி உறவின் இயல்பு.

முடிவுரை

நாம் கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவது, வண்டிற் பட்டத்திலிருந்து உருக்குச் சில்லு வரை தொடர்ந்துவந்த தொழிலறிவு ஒன்று ஊவாவில் இருந்தது. அது நிறுவனங்களிலிருந்தன்றி உழைப்போரிடமிருந்தே தோன்றி வளர்ந்தது. இரண்டாவது, அவ்வறிவு பழுதுபார்த்தலைக் கடந்து உற்பத்தியாக வளர முடியாமற் போனமைக்குத் திறமையின்மை காரணமன்று. பெருந்தோட்ட அமைப்பும், நாடற்ற நிலையும், இறக்குமதிக் கொள்கையின் ஊசலாட்டமுமே காரணங்கள். மூன்றாவது, பழுதுபார்த்தலைப் போற்றுவோர் அதன் ஆபத்தைச் சுமப்போரையும் மறவாதிருத்தல் வேண்டும். பயிற்சியும் பாதுகாப்புக் கூண்டும் சோதனைக் கருவியும் இல்லாத பட்டறையைப் புகழ்வது மட்டும் நீதியாகாது.

இத்துறையில் ஆய்வு இனித்தான் தொடங்கவேண்டும். கொல்லுலைகள் பல அணைந்துவிட்டன. வண்டிற் பட்டம் பூட்டிய காலத்தை நேரில் அறிந்த முதியோர் சிலரே எஞ்சியிருப்பர். அவர்களின் வாய்மொழியையும், பட்டறைகளின் பழைய கணக்குக் கொப்பிகளையும், தோட்டத்துச் செக்றோல்களையும் பல்கலைக்கழக மாணவர் காலந்தாழ்த்தாது திரட்டுதல் வேண்டும். மலையக மக்களைத் தொழிலாளர் என்று எழுதிய நாம், தொழில் வல்லோர் என்றும் எழுதுவதற்கு வேண்டிய சான்றுகள் அங்கேயே கிடக்கின்றன.